சமநிலையில் இல்லாத உயிரணு ஆய்வுக்கு நிதி: இயற்பியல் குழுவும் தள்ளுகிறது, உயிரியல் குழுவும் தள்ளுகிறது

#1 நடுங்கும்சவ்வு

இரண்டாவது தடவையும் எங்கள் விண்ணப்பம் தேறவில்லை. வழி தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால்தான் இழை தொடங்குகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இயற்பியல், கூட்டாளி உயிரணு உயிரியல். எடுத்துக்கொண்ட பொருள் இரத்தச் சிவப்பணு. நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் விளிம்பு ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. எட்டு மைக்ரான் அகலமுள்ள உயிரணு, ஓரம் மட்டும் சில பத்து நானோமீட்டர் அளவுக்கு உள்ளும் வெளியுமாகக் கானல் மாதிரி அலைந்துகொண்டே இருக்கும். இது வெறும் வெப்பத்தால் வரும் நடுக்கமா, அணு தன் எரிபொருளைச் செலவழித்து ஆட்டுகிறதா என்பது பழைய கேள்வி. 1975-இல் ப்ரோஷாரும் லெனனும் வெப்பமே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பல வருடம் அதுவே நின்றது. 2016-இல் ஒரு குழு இரண்டு விதமாக அளந்தது. சவ்வு தானாக எவ்வளவு நடுங்குகிறது என்பது ஒன்று, லேசர் இடுக்கியால் பிடித்து இழுத்தால் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது இன்னொன்று. சமநிலையில் இருக்கும், அதாவது ஆற்றலைச் செலவழிக்காமல் வெப்பத்தால் மட்டும் ஆடும் பொருளுக்கு இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை, ஒன்று தெரிந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். சிவப்பணுவில், மெதுவான அசைவுகளில், அந்தக் கணக்கு உதைத்தது. வெப்பம் கொடுக்க வேண்டியதைவிட நடுக்கம் அதிகம். அணு கையிலிருந்து போட்டுச் செலவழிக்கிறது.

அந்தச் செலவு எவ்வளவு, எரிபொருள் வற்ற வற்ற அது எப்படி அடங்குகிறது, அடங்கினால் அணுவுக்கு என்ன நஷ்டம். இவைதான் எங்கள் கேள்விகள். மூன்று வருடம், ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்), ஒரு லேப் உதவியாளர், ஒரு லேசர், ரசாயனங்கள். பெரிய தொகை இல்லை.

இயற்பியல் குழு எழுதியது: வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் புதிய இயற்பியல் எதுவும் இல்லை, உயிரியல் பக்கம் கேட்பது பொருத்தம். உயிரியல் குழு எழுதியது: எந்தப் புரதம் என்று சொல்லவில்லை, எந்த நோய் என்று சொல்லவில்லை, சமன்பாடுகள் அதிகம். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கைகாட்டுகிறார்கள்.

இதற்கென்று எங்கே பணம் இருக்கிறது? எப்படி எழுதினால் எடுபடும்?

#2 முன்னாள்பேனல்

இப்படிப்பட்ட குழுக்களில் ஏழு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு துறைப் பக்கமும். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேட்க நன்றாக இருக்காது.

ஒரு அறையில் பன்னிரண்டு பேர், நூறு விண்ணப்பம், இரண்டு நாள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் அந்த மூன்று பேர் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். நிதி கிடைப்பது முதல் பத்துப் பதினைந்துக்கு. அந்த இடத்தில் ‘நல்ல வேலை’ என்ற பேச்சுக்கு மதிப்பே கிடையாது, எல்லாமே நல்ல வேலைதான். ஒருவர் மேசையில் கையை ஊன்றி ‘இதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்’ என்று வாதாட வேண்டும். உங்கள் விண்ணப்பம் மாதிரி ஒன்று வரும்போது அதன் பாதியைப் பற்றித்தான் யாருக்கும் உறுதியாகப் பேச முடியும். மற்ற பாதி வரும்போது குரல் தணியும். தணிந்த குரலுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து முதல் பதினைந்துக்குள் வர முடியாது. யாரும் எதிர்க்க வேண்டிய அவசியமே இல்லை, தயங்கினாலே போதும், முடிந்தது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2016-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு ஐந்து வருடத்தில் வந்த 18,476 விண்ணப்பங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட துறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தார்கள். துறைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். என் மேசைக்கு வந்த ‘சமநிலையற்ற’ விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அந்தச் சொல் அலங்காரத்துக்குத்தான் இருந்தது. உயிர் என்றாலே சமநிலையில் இல்லாததுதான், செத்தால்தான் சமநிலை. அதைச் சொல்வது கண்டுபிடிப்பு ஆகாது. என்ன எண்ணை அளப்பீர்கள், எந்த அலகில், நீங்கள் நினைத்தது தப்பு என்றால் அந்த எண் எப்படி வரும்? இந்த மூன்றும் முதல் பக்கத்தில் இல்லாத விண்ணப்பத்துக்கு நானும் வாதாடியதில்லை.

#3 லாங்கெவின்_வழி

பேனல் சார் சொல்வது இருபது வருடத்துக்கு முன்னால் முழுக்கச் சரி. இப்போது எண் இல்லை என்று சொல்ல முடியாது, அதைக் குழுக்கள் இன்னும் கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சமநிலையற்ற அமைப்புகளை ஆராய்ந்த பிரிகோஜினுக்கு 1977-இல் வேதியியல் நோபல் கிடைத்த காலத்தில், சமநிலையிலிருந்து ரொம்பத் தள்ளிப்போன அமைப்புகளுக்குப் பொதுவாகச் செல்லுபடியாகும் சமன்பாடு என்று கையில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒன்சாகரின் 1931 வேலை சமநிலைக்குப் பக்கத்தில் மட்டும் செல்லும். அப்புறம் 1997-இல் ஜார்சின்ஸ்கியும் 1999-இல் க்ரூக்ஸும் அப்படிப்பட்ட சமன்பாடுகளைக் கொடுத்தார்கள். ஒரு மூலக்கூறை அவசரமாக இழுத்துப் பிரித்தாலும், அதையே பலமுறை செய்து ஒவ்வொரு முறையும் எவ்வளவு வேலை செலவானது என்று குறித்துவைத்தால், நிதானமாக இழுத்திருந்தால் கிடைக்கும் ஆற்றல் மதிப்பை அதிலிருந்தே எடுத்துவிடலாம். கேட்கும்போது நம்ப முடியாது. 2002-இலும் 2005-இலும் மடிந்த ஒற்றை ஆர்என்ஏ மூலக்கூறை லேசர் இடுக்கியில் பிடித்து இழுத்துச் சோதித்தார்கள், சமன்பாடு தேறியது. கவனியுங்கள், சமன்பாடு இயற்பியலாளருடையது, அதைச் சோதிக்க உதவிய பொருள் ஆர்என்ஏ. ‘புதிய இயற்பியல் எதுவும் இல்லை’ என்று எழுதிய குழுவுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

2005-இல் ஹராடாவும் சாசாவும் இன்னொன்று கொடுத்தார்கள். நீங்கள் சொன்ன அந்தக் ‘கணக்கு உதைக்கிறது’ இருக்கிறதே, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உதைக்கிறது என்று கூட்டினால் அமைப்பு நொடிக்கு எவ்வளவு ஆற்றலை வெப்பமாகக் கொட்டுகிறது என்று வந்துவிடும். வாட் கணக்கில் சொல்லலாம். சவ்வின் முழுச் செலவும் அதில் வராது, நீங்கள் பார்க்கும் அசைவின் வழியாகப் போகும் பங்கு மட்டும்தான். ஆனாலும் எண் எண்தான். நடுங்கும்சவ்வு, இதை விண்ணப்பத்தில் எழுதினீர்களா?

இந்தச் செலவு எதற்கு என்ற கேள்விக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. உயிரணு புரதம் தயாரிக்கும்போது பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் தப்பான அமினோ அமிலத்தைச் சேர்க்கிறது. சரியானதுக்கும் தப்பானதுக்கும் உள்ள பிணைப்பு வித்தியாசம் மட்டும் இதற்குப் போதாது, பிழை எக்கச்சக்கமாக இருந்திருக்க வேண்டும். 1974-இல் ஹாப்ஃபீல்ட் சொன்ன விடை: அணு ஆற்றலைச் செலவழித்து இரண்டாம் முறை சரிபார்க்கிறது. அந்தச் செலவை நிறுத்தினால் துல்லியம் விழும். 2015-இல் பராட்டோவும் சைஃபர்ட்டும் அதைவிடப் பொதுவாக, ஒரு செயல் எவ்வளவு ஒழுங்காக நடக்க வேண்டுமோ அதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் கொட்டியே ஆக வேண்டும் என்று எல்லை போட்டார்கள். விலைப்பட்டியல் கையில் இருக்கிறது. எந்த அணு எந்த வேலைக்கு என்ன விலை கொடுக்கிறது என்று போய்ப் பார்க்கத்தான் ஆளும் பணமும் வேண்டும்.

#4 ஈரபெஞ்ச்

நான் உயிரியல் பக்கம். எண், சமன்பாடு எல்லாம் சரி. ஒரு நாள் லேப் எப்படிப் போகும் என்று எழுதுகிறேன், அப்புறம் நிதியைப் பற்றிப் பேசலாம்.

காலையில் இரத்தம் எடுத்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். சுழற்றிக் கழுவி, மறுபடி சுழற்றிக் கழுவி, உப்பும் குளுக்கோசும் சரியாக உள்ள திரவத்தில் போட வேண்டும். உப்பு கொஞ்சம் ஏறினால் அணு சுருங்கும், குறைந்தால் ஊதிவிடும். கண்ணாடித் தகட்டைப் புரதம் பூசித் தயார் செய்யவில்லை என்றால் அணு கண்ணாடியைத் தொட்டதும் முள் முள்ளாகப் புடைத்துக்கொள்ளும், அன்றைய தட்டு வீண். இதை எல்லாம் சரியாகச் செய்து பிற்பகல் இரண்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், லேசர் இன்னும் நேராக்கப்படவில்லை, நாளைக்கு வாருங்கள் என்பார்கள். நாளைக்கு இருக்கும் அணு வேறு அணு. எரிபொருள் குறைந்திருக்கும்.

இந்த வேலையைச் செய்பவர் ஒரு லேப் உதவியாளர். கூட்டு விண்ணப்பங்களில் அவருக்குச் சம்பளம் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் சேர்ந்த ஒரு கூட்டுத் திட்டத்தில் (எங்கே என்று வேண்டாம்) உயிரியல் பக்கத்துப் பங்கு முழுவதும் ‘நுகர்பொருள்’ என்ற ஒற்றை வரியில் இருந்தது. கூட்டங்களில் என்னை ‘சாம்பிள் கொடுப்பவர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். கட்டுரையில் பெயர் நடுவில். மூன்றாம் வருடம் தொகை குறைக்கப்பட்டபோது முதலில் போனது உதவியாளர். அவர் போன மாதத்திலிருந்து தரவு கெட்டது, ஆறு மாதம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது.

பலதுறை ஆய்வு என்று சொல்லி இரண்டு துறைத் தலைவர்களுக்குப் பணம் கொடுப்பதும், இரண்டு துறையும் ஒரே பெஞ்சில் வேலை செய்ய வழி பண்ணுவதும் ஒன்றில்லை. நான் கேட்பது இரண்டாவது.

லாங்கெவினுக்கு ஒரு கேள்வி. எரிபொருளை வற்றவைத்தால் சிவப்பணு தன் வட்டத்தட்டு வடிவத்தையே விட்டு முள்ளுருண்டை ஆகிவிடும். சவ்வின் விறைப்பும் மாறும். நடுக்கம் குறைந்தது செலவு நின்றதாலா, விறைத்துப்போனதாலா, எப்படிப் பிரிப்பீர்கள்?

#5 லாங்கெவின்_வழி

நல்ல கேள்வி, முன்பு பல கட்டுரைகள் தடுக்கி விழுந்தது இங்கேதான். நடுக்கத்தை மட்டும் அளந்தால் பிரிக்க முடியாது. இழுத்துப் பார்ப்பதையும் அதே அணுவில், அதே இடத்தில், அதே நேரத்தில் அளக்க வேண்டும். விறைப்பு மாறினால் இரண்டு அளவும் சேர்ந்து மாறும், கணக்கு உதைக்காது. செலவு நின்றால் மட்டும்தான் உதைப்பு மறையும். தவளையின் உள்காது மயிர்க்கற்றையில் 2001-இல் மார்ட்டின், ஹட்ஸ்பெத், யூலிஷர் மூவரும் இதே உத்தியைத்தான் பயன்படுத்தினார்கள், அந்த மயிர்க்கற்றை சும்மா ஆடவில்லை, தானே தள்ளுகிறது என்று அப்படித்தான் நிறுவினார்கள்.

சாம்பிள் விஷயத்தில் நீங்கள் சொன்னது என் பக்கத்துத் தப்புதான். எங்கள் ஆட்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

#6 நடுங்கும்சவ்வு

@லாங்கெவின்_வழி, ஹராடா-சாசா விண்ணப்பத்தில் இருந்தது, ஆனால் எட்டாம் பக்கத்தில். பேனல் சார் சொன்னதைப் படித்த பிறகு அது முதல் பக்கத்துக்கு வர வேண்டியது என்று புரிகிறது.

@ஈரபெஞ்ச், எங்களிடம் உதவியாளர் சம்பளம் எழுதியிருந்தோம். உயிரியல் குழுவில் ஒருவர் ‘மாணவர் செய்யலாமே’ என்று அதை வெட்டச் சொல்லியிருந்தார்.

#7 மூன்றாம்வருடம்

வணக்கம், ஆய்வு மாணவி. இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி, தலைப்பை விட்டு விலகினால் மன்னிக்கவும். முதுநிலை இயற்பியல், இப்போது உயிரணுப் பிரிவு பற்றி வேலை. முடித்த பிறகு எந்தத் துறையில் வேலைக்குப் போடுவது? இயற்பியல் துறை ‘உன் கட்டுரைகள் எங்கள் இதழ்களில் இல்லை’ என்கிறது, உயிரியல் துறை ‘உனக்கு மூலக்கூறு உயிரியல் பாடம் எடுக்க வருமா’ என்கிறது. நிதி கிடைத்தாலும் அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு நாற்காலி வேண்டுமே. அக்கா (ஈரபெஞ்ச்) சொன்ன அந்த நடுப்பெஞ்சில் உட்காரத்தான் ஆசை, ஆனால் அந்தப் பெஞ்சுக்குப் பதவிப் பெயரே இல்லை.

#8 முன்னாள்பேனல்

விலகவில்லை அம்மா, விஷயமே அதுதான். எனக்குத் தெரிந்த வழிகளை எழுதிவிடுகிறேன், நடுங்கும்சவ்வு கேட்டதற்கும் இது பதில்.

உங்களுக்கு: மனித முன்னெல்லை அறிவியல் திட்டம் என்று ஒன்று, 1989-இலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் இயங்குகிறது. 1987 வெனிஸ் உச்சி மாநாட்டில் ஜப்பான் வைத்த யோசனையிலிருந்து வந்தது. இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியல் போன்ற வேறு துறையில் முனைவர் பட்டம் பெற்று உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே தனியாக ஒரு நல்கை வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிதியமும் இதே மாதிரி எல்லை தாண்டுபவர்களுக்குக் கொடுக்கிறது, அதில் ஒரு நல்ல அம்சம், போஸ்ட்டாக் காலத்தில் தொடங்கி ஆசிரியர் பதவிக்குப் போகும்போது பணமும் கூடவே வரும். கையில் பணத்தோடு வருபவரை எந்தத் துறையும் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கும், அது நிஜம்.

நடுங்கும்சவ்வுக்கு: அதே ஸ்ட்ராஸ்பர்க் அமைப்பின் ஆய்வுக் குழு நிதியைப் பாருங்கள். முன்தரவு கேட்பதில்லை. வேறு வேறு நாட்டில், வேறு வேறு துறையில் இருப்பவர்கள், முன்பு சேர்ந்து வேலை செய்யாதவர்கள் என்றால் நல்லது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஊரில் என்றால் வெளிநாட்டில் ஒருவரைச் சேர்க்க வேண்டும், வெறும் பெயருக்குச் சேர்த்தால் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இயற்பியல் பிரிவுக்குள்ளேயே ‘உயிருள்ள அமைப்புகளின் இயற்பியல்’ என்று தனித் திட்டம் உண்டு, அங்கே உங்களை அடுத்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் சினர்ஜி நிதி இரண்டு முதல் நான்கு தலைமை ஆய்வாளர்கள் சேர்ந்து கேட்பது, ஆறு வருடம், ஒரு கோடி யூரோ வரை. உங்கள் வேலைக்கு அது ரொம்பப் பெரிது. சிறிய வேலைக்குப் பெரிய நிதி கேட்டால் வேலையை வீங்கவைக்க வேண்டி வரும், அப்படி வீங்கிய பல விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை செய்தது. துணிச்சலான சின்ன யோசனைகளுக்கென்று வைத்திருந்த திட்டத்தில் 2017-இலிருந்து சில வருடம், தரம் தேறிய விண்ணப்பங்களைக் குலுக்கலிலும் போட்டு எடுத்தார்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சிலும் அப்படி ஒன்று நடத்தியிருக்கிறது. குலுக்கல் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் நான் முன்னால் எழுதிய அந்தத் தணிந்த குரல் பிரச்சினை குலுக்கலில் இல்லை. தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு, யாருடைய குரல் உயர்ந்தது என்பதை விட்டுவிடுகிறது.

#9 ஏட்டுச்சுவடி

பழைய கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இதை உலகம் ஒரு முறை சரியாகச் செய்திருக்கிறது.

1932-இல் வாரன் வீவர் என்ற கணிதக்காரர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் இயற்கை அறிவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். இயற்பியல், வேதியியல் கருவிகளை உயிரியலுக்குத் திருப்ப வேண்டும் என்று முடிவெடுத்து அதற்கே பணத்தைக் கொடுத்தார். அப்போது அந்த வேலைக்குப் பெயர்கூட இல்லை, 1938-இல் அவரே ‘மூலக்கூறு உயிரியல்’ என்று ஒரு பெயர் எழுதினார். மேக்ஸ் டெல்ப்ரூக் என்ற கோட்பாட்டு இயற்பியலாளர் 1937-இல் கால்டெக் போய் வைரஸ் பக்கம் திரும்பியது ராக்ஃபெல்லர் நல்கையில்தான். மேக்ஸ் பெருட்ஸ் கேம்பிரிட்ஜில் 1937 வாக்கில் ஹீமோகுளோபின் படிகத்தை எக்ஸ்-கதிரில் வைத்தார். அவருக்கும் ராக்ஃபெல்லர் பணம் போனது. 1947-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஒரு இயற்பியல் ஆய்வகத்துக்குள்ளே, பெருட்ஸுக்கும் கென்ட்ரூவுக்குமாக ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கிக் கொடுத்தது. ஹீமோகுளோபினின் வடிவம் வெளிவந்தது 1960-இல். நோபல் 1962. நடுவில் இருபது வருடத்துக்கு மேல் ஒருவர் ஒரே மூலக்கூறோடு உட்கார்ந்திருந்தார், பலர் முடியாது என்றார்கள், பணம் நிற்கவில்லை. அதே சின்னப் பிரிவில்தான் வாட்சனும் கிரிக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. 1951-இல் சோவியத் ஒன்றியத்தில் போரிஸ் பெலோசோவ், ஒரு குடுவையில் நிறம் மாறி மாறி வரும் வேதிவினையைக் கண்டு கட்டுரை எழுதினார். வினை ஒரே திசையில்தான் போகும், ஊசலாடாது என்று சொல்லி இதழ் திருப்பி அனுப்பியது. சமநிலையை நோக்கிப் போகும் வழியில் ஊசலாடலாம் என்பதை யாரும் ஏற்கவில்லை. 1960-களில் ஜபோடின்ஸ்கி என்ற மாணவர் மறுபடி எடுத்துச் செய்த பிறகுதான் அந்த வினை உலகத்துக்குத் தெரிந்தது. பெலோசோவ் 1970-இல் காலமானார். அவருக்கும் சேர்த்து லெனின் பரிசு கொடுத்தது 1980-இல்.

பெருட்ஸுக்குக் கிடைத்ததும் பெலோசோவுக்குக் கிடைக்காததும் தொகை இல்லை, காலம். மூன்று வருடத் திட்டம் என்பதே இந்தத் துறைக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். முதல் வருடம் ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியவே போய்விடும்.

#10 ஈரபெஞ்ச்

ஏட்டுச்சுவடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உயிரணுவுக்குள் சில பொருட்கள் திரவத் துளி மாதிரி நடந்துகொள்கின்றன என்று 2009-இல் வந்த வேலை. புழுவின் கருவுக்குள் உள்ள பி-துகள்கள் (ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்த சிறு திரட்டுகள்) ஒன்றோடொன்று ஒட்டி, வழிந்து, கலந்து போவதைப் பார்த்து அவற்றின் பிசுபிசுப்பையும் பரப்பு இழுவிசையையும் கணக்கிட்டார்கள். அதைச் செய்தவர்களில் பிராங்வின் பயிற்சி பெற்றது பொருளறிவியலில். ஹைமன் உயிரணு உயிரியலாளர். யூலிஷர் கோட்பாட்டு இயற்பியலாளர். டிரெஸ்டன் நகரத்தில் இரண்டு மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள், ஒன்று உயிரணுவுக்கு, ஒன்று சிக்கலான அமைப்புகளின் இயற்பியலுக்கு, நினைத்தால் போய்ப் பேசிவிட்டு வரலாம். இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான லேப் அந்தத் துளிகளின் பின்னால் ஓடுகிறது. அந்த முதல் வேலையைத் திட்டம் போட்டு, மைல்கல் எழுதி, விண்ணப்பித்திருந்தால் எந்தக் குழு தேர்ந்தெடுத்திருக்கும்?

#11 லாங்கெவின்_வழி

அதற்காகப் பெரிய மையங்களை மட்டும் கட்டு என்று போய்விடக் கூடாது. 2018-இல் அமெரிக்காவில் அறிவியல் அறக்கட்டளையும் சைமன்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து கணிதத்தையும் உயிரியலையும் இணைக்க நான்கு மையங்களைத் தொடங்கின. நல்ல வேலைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் மையம் இல்லாத இடத்தில் இருப்பவன் என்ன செய்வது? சுறுசுறுப்பான பொருட்களின் (தாமே ஆற்றலைச் செலவழித்து நகரும் துகள்களின்) கோட்பாட்டில் 1995-இல் விசெக்கின் மாதிரி வந்தது. அதே வருடம் டோனரும் டூவும் அதற்குத் திரவ இயக்கச் சமன்பாடு எழுதினார்கள். 2002-இல் சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசாமியும் திரவத்தில் நீந்தும் துகள்களுக்கு எழுதினார்கள். இவற்றுக்கெல்லாம் தேவைப்பட்டது தாளும் நேரமும் பேச ஆளும்தான். பத்து வருடம் கழித்து, 2012-இல், பிராண்டைஸ் பல்கலையில் நுண்குழல்கள் என்ற புரத இழைகளையும், அவற்றின் மேல் நடக்கும் கைனசின் மோட்டார்களையும், உயிரணுவின் எரிபொருளான ஏடிபியையும் ஒரு துளிக்குள் கலந்து விட்டபோது, யாரும் தள்ளாமலே அந்தத் திரவம் சுழன்று ஓடியது. வீடியோவை முதலில் பார்த்த அன்று நான் தூங்கவில்லை. சமன்பாட்டில் பழகிய குறைபாட்டுப் புள்ளிகள் (இழைகளின் ஒழுங்கு உடையும் இடங்கள்) கண் முன்னால் பிறந்து, ஓடி, மோதி மறைகின்றன.

மையத்தைவிட மலிவான ஒன்று: இரண்டு துறை ஆட்களை ஆறு வாரம் ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்கும் பட்டறைகள். சான்டா பார்பராவில் கவ்லி நிறுவனம் பல வருடமாக நடத்துகிறது. வுட்ஸ் ஹோல் கோடை வகுப்பில் மாணவர்கள் பெஞ்சில் நின்று பேசிய பேச்சிலிருந்துதான் அந்தப் பி-துகள் வேலையே கிளம்பியது என்று அந்த வட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

#12 மூன்றாம்வருடம்

பட்டறைக்கு லேப் உதவியாளர்கள் வரலாமா? எங்கள் லேபில் அளவீட்டின் நுணுக்கம் முழுவதும் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கு முனைவர் பட்டம் கிடையாது என்பதால் எந்தப் பயண நிதிக்கும் பெயர் கொடுக்க முடியவில்லை.

#13 ஈரபெஞ்ச்

கேட்டாயே, நூற்றுக்கு நூறு. விதிகளில் அதற்கு இடமே இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் நான் உதவியாளர் பயணத்தைத் தனி வரியாக எழுதப்போகிறேன். வெட்டினால் காரணம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்.

#14 நடுங்கும்சவ்வு

எல்லோருக்கும் நன்றி. முதல் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன், தயவு செய்து கிழித்துப் போடுங்கள்:

‘சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, குளுக்கோசை உடைத்து மட்டுமே ஏடிபி தயாரிக்கிறது. உயிரணுக்களில் ஆற்றல் வரவு இவ்வளவு எளிமையாக உள்ளது வேறு இல்லை எனலாம். அதன் சவ்வு நடுக்கத்தின் வழியாக நொடிக்கு எவ்வளவு ஆற்றல் கொட்டப்படுகிறது என்பதை வாட் அலகில் அளப்போம். ஒரே அணுவில், ஒரே நேரத்தில், நடுக்கத்தையும் இழுப்புக்கு இடம் கொடுப்பதையும் அளப்பதால், சவ்வு விறைப்பதையும் செலவு நிற்பதையும் பிரித்தறியலாம். ஏடிபி குறையும்போது உதைப்பு மாறாமலே இருந்தால் எங்கள் கருதுகோள் தவறு.’

அடுத்த வரியில்தான் தயக்கம். இரத்த வங்கியில் சிவப்பணுவை 35 முதல் 42 நாள் வரை குளிரில் வைக்கிறார்கள், நாள் ஆக ஆக ஏடிபி குறைகிறது. கூட்டாளி அந்த அணுக்களையும் அளக்கலாம் என்கிறார், உயிரியல் குழுவுக்குப் பிடிக்கும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மருத்துவ வேஷம் போட்டுத்தான் அடிப்படைக் கேள்வி கேட்க வேண்டுமா?

#15 முன்னாள்பேனல்

இதற்கு நான் வாதாடுவேன். ‘வேறு இல்லை எனலாம்’ என்பதை எடுத்துவிடுங்கள், குழுவில் ஒரு பாக்டீரியாக்காரர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்.

இரத்த வங்கி அணு வேஷம் இல்லை. ஏடிபி தானாக, மெதுவாக, வாரக்கணக்கில் குறையும் அணுக்கள் உங்களுக்குச் சும்மா கிடைக்கின்றன, நீங்கள் விஷம் வைத்துக் குறைக்க வேண்டியதில்லை. அதைச் சோதனைக்கான காரணமாக எழுதுங்கள். நோயாளிக்கு நன்மை என்று ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

#16 ஈரபெஞ்ச்

வைத்த அணுவில் ஏடிபி மட்டும் குறைவதில்லை, பொட்டாசியம் கசியும், வடிவம் மாறும், சவ்விலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கழன்றுபோகும். புது அணுவில் குளுக்கோசை எடுத்துவிட்டுச் செய்யும் சோதனையையும், பழைய அணுவுக்கு ஏடிபியை மீட்டுக் கொடுத்துச் செய்யும் சோதனையையும் கட்டாயம் சேருங்கள். மீட்டுக் கொடுத்தும் உதைப்பு திரும்பவில்லை என்றால் அது ஏடிபி கதை இல்லை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் தயார் செய்ய, ஒருவர் அளக்க. உதவியாளர் வரியை அங்கே போய் நியாயப்படுத்துங்கள், ‘அணு எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் அளவீடு முடிய வேண்டும்’ என்று ஒரே வாக்கியம் போதும், மாணவர் செய்யலாமே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

#17 நடுங்கும்சவ்வு

இதை நான் யோசிக்கவே இல்லை. கூட்டாளியிடம் படித்துக் காட்டினேன், ‘இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்’ என்றார், உண்மைதான், சொன்னார், எனக்கு அப்போது காதில் ஏறவில்லை. மீட்புச் சோதனையை அடுத்த வாரமே நான்கைந்து அணுவில் முன்னோட்டமாகச் செய்து பார்க்கிறோம், லேசரை முந்தின நாள் இரவே நேராக்கி வைத்துவிடுகிறேன். என்ன வந்தாலும் வரைபடத்தை இங்கே போடுகிறேன்.